அரசர் பொறித்த பொன்

நாணயம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தாங்கி நிற்கிறது. கையில் புழங்கும் காசும் நாணயம்; சொன்ன சொல் பிறழாமையும் நாணயம். பொன்னைத் துண்டாக்கி அதன்மேல் முத்திரையிடும் அரசன், வாங்குவோன் விற்போன் இருவருக்கும் ஒரு வாக்குக் கொடுக்கிறான்: இதன் மாற்று இவ்வளவு, எடை இவ்வளவு, இதற்கு யான் பிணை. அந்த வாக்கோடு வேறொன்றையும் அவன் சேர்த்தே பொறிக்கிறான். அது அவன் பெயர், அவன் சின்னம், அவன் வென்ற நாடு. ஆகவே அரச முத்திரை பெற்ற பொற்காசு ஒவ்வொன்றிலும் எடை, புகழ் என இரண்டு சரக்குகள் உண்டு. எடை சந்தைக்கு உரியது; புகழ் வரலாற்றுக்கு உரியது. அரச மரபைப் போற்றும் பொற்காசுகளின் கதை, இவ்விரண்டில் எது நிலைத்தது என்னும் கதையே. சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடையே விரிந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளி, பேரரசுகள் பலவற்றின் காசுகளைக் கண்ட நிலம். அக்கதையை இங்கிருந்தே தொடங்குவது பொருந்தும்.

சமவெளியின் மேற்குப் புறத்தில், பொதினி எனப் பழம்பாடல்கள் கூறும் பழனிப் பகுதியை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்று பள்ளிச் சிறுவரும் அவனை அறிவர். அவனுடைய ஊர்ப்பக்கமான பொருந்தலில், பேராசிரியர் கா. இராசன் தலைமையில் 2009ஆம் ஆண்டு தொடங்கி நடந்த அகழாய்வு, நெல்லும் மணிகளும் எழுத்துப் பொறித்த கலப்பொருளுமாக ஒரு செழித்த வணிகக் குடியிருப்பை வெளிக்கொணர்ந்தது. அதே பழனியை அடுத்த கலையம்புத்தூரில் 1856ஆம் ஆண்டு 63 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. சேர நாட்டுக் கணவாய்களிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில் இவ்வூர் அமைந்திருப்பதை எண்ணினால், மிளகும் மணியும் போன வழியே பொன் வந்தது என்பதில் வியப்பில்லை. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் ரோமிலிருந்து வெளியேறுகிறது என்று அறிஞர் பிளினி வருந்தி எழுதியதும் அந்த முதல் நூற்றாண்டிலேதான்.

ரோமானியப் பொற்காசு என்பது பேரரசனின் தலை பொறித்த காசு. பட்டம் பெற்ற நாள் முதல் வென்ற போர் வரை அனைத்தையும் சுருக்கெழுத்தில் சொல்லும் விளம்பரப் பலகை என்றே அதனைக் கூறலாம். தமிழ் வணிகர் அந்த விளம்பரத்தை எவ்வாறு எடுத்துக்கொண்டனர்? இதற்கு விடை புதுக்கோட்டைப் பகுதியில் 1898ஆம் ஆண்டு கிடைத்த 501 பொற்காசுகளில் இருக்கிறது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் ஆழ வெட்டியிருக்கிறார்கள். தேய்ந்து எடை குறைந்த காசுகளை இனிக் காசாகக் கொள்ளாது வெறும் பொன்னாகக் கொள்க என்று அறிவிக்கும் வெட்டு அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. காரணம் எதுவாயினும் செயல் தெளிவாகவே இருக்கிறது. முகம் வெட்டுண்டது, பொன் தங்கிற்று. உலகையே நடுங்கச் செய்த சீசர்களின் புகழ், பெயரறியாத ஒரு தமிழ்க் கொல்லனின் உளிக்கு முன் ஒரு நொடியும் நிற்கவில்லை.

அக்காலத்துத் தமிழ் வேந்தர் செம்பிலும் ஈயத்திலும் வெள்ளியிலும் காசு வெளியிட்டனர். பெருவழுதி என்று பெயர் பொறித்த பாண்டியன் காசும், முகத்தோடு பெயரும் தாங்கிய மாக்கோதையின் வெள்ளிக் காசும் இன்று நூல்களில் இடம் பெற்றுவிட்டன. பொன்னை அவர்கள் காசாக அடித்ததினும் பரிசாகக் கொடுத்ததே மிகுதி. கபிலருக்குச் செல்வக்கடுங்கோ வாழியாதன் நூறாயிரம் காணம் ஈந்தான் எனவும், காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பெற்றார் எனவும் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் கூறுகின்றன. இத்தொகைகளில் புனைவு கலந்திருக்கலாம். ஆயினும் புகழைப் பாட்டில் பொறித்து, எடையைப் பொன்னில் அளக்கும் அந்த ஏற்பாட்டில் இரண்டு சரக்கும் தனித்தனியே இருந்தன என்பது நோக்கத்தக்கது. பேகனிடத்து அந்த ஏற்பாடும் குலைந்தது. மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த அவனிடம் சென்ற புலவருள் அரிசில்கிழார், அணிகலனும் செல்வமும் தமக்கு வேண்டா, அவளிடம் மீள்வதே தமக்கு வேண்டும் பரிசில் என்னும் கருத்துப்படப் பாடினார். பொன்னை மறுத்த அந்தப் பாட்டால்தான் பேகனின் வீட்டுத் துயரம் இன்றளவும் நிற்கிறது.

பாட்டும் பொன்னும் ஒரே வட்டத்துள் வந்து சேர்ந்தது சோழப் பேரரசின் காலத்தில். உத்தம சோழன் பெயர் பொறித்த பொற்காசு சோழர் பொற்காசுகளில் மிகப் பழையது. அதனை வால்டர் எலியட் 1886இல் வெளிவந்த தம் தென்னிந்திய நாணய நூலில் படமாக வரைந்து காட்டினார். பின்னர் வந்த காசுகளில் அமர்ந்த புலியும், பக்கத்தே இரு கயலும், வில்லும் ஒருங்கே காணப்படுகின்றன. சோழனின் புலி தன் அருகே பாண்டியனின் கயலையும் சேரனின் வில்லையும் இருத்திக்கொண்ட காட்சி அது. எழுத்தறியாதவனும் ஒரு நோக்கில் அறியத்தக்க மெய்க்கீர்த்தி.

முதலாம் இராசேந்திரன் இதில் மேலும் ஒரு படி சென்றான். கங்கை வரை சென்ற படையெடுப்பின் நினைவாக அவன் எழுப்பியவை மூன்று. கங்கைகொண்ட சோழபுரம் என்னும் நகர் ஒன்று. நீரால் ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கும் சோழகங்கம் என்னும் ஏரி மற்றொன்று. மூன்றாவது, கங்கைகொண்ட சோழன் என்னும் பெயர் பொறித்த காசு. கோதாவரிக் கரையிலுள்ள தவளேசுவரத்தில் கிடைத்த சோழப் பொற்காசுக் குவியலில் இப்பெயர் தாங்கியவை உள்ளன. நகர் அழிந்து கோயில் எஞ்சிற்று. ஏரி தூர்ந்து கரை எஞ்சிற்று. விரல் நுனியளவான காசில் மட்டும் அப்பெயர் முழுதாக இருக்கிறது. நினைவுக் காசு என்று இன்று வழங்கும் சொல்லுக்கு முழுத் தகுதி உடைய தமிழகத்துப் பொற்காசு இதுவே எனலாம்.

முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கந்தவிர்த்த சோழன் என்னும் விருதுப் பெயர் உண்டு. நெல்லூர்ப் பகுதியில் கிடைத்த பொற்காசுகள் சிலவற்றில் 'சுங்' என்ற அளவே எழுத்து உள்ளது. அது அப்பெயரின் குறுக்கம் என்பர். வரியை நீக்கிய பெருமையை, வரி செலுத்தப் பயன்படும் பொருளின்மேலேயே எழுதிய அரசனின் நகைச்சுவை உணர்வைப் பாராட்டத்தான் வேண்டும். பாண்டியர் எழுச்சி பெற்றபோது இதே கலையைச் செம்பில் கையாண்டனர். சோணாடு கொண்டான், எல்லாந்தலையானான், கச்சி வழங்கும் பெருமாள் என்பன அவர்தம் காசுகளில் காணும் தொடர்கள். நூறு அடிகளில் மெய்க்கீர்த்தி பாடிய புலவன் இரண்டு சொல்லில் அதனை அடக்க நேர்ந்தால் எவ்வாறு எழுதுவானோ அவ்வாறு அமைந்தவை இவை. கவிஞர்கள் இக்காசுகளை ஒருமுறை கூர்ந்து பார்ப்பது பயன் தரும்.

மக்கள் இக்காசுகளை எவ்வாறு வழங்கினர் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இராசராசன் காசு, மதுராந்தகன் மாடை, இராசேந்திர சோழன் மாடை என்று அரசர் பெயர்கள் அவற்றில் வருகின்றன. ஆனால் அவை புகழ்ச்சியாக வரவில்லை. எடையையும் மாற்றையும் குறிக்கும் அடைமொழிகளாகவே வருகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்னும் கல்லால். கழஞ்சு ஒன்றுக்கு மஞ்சாடி 20. மஞ்சாடி ஒன்றுக்குக் குன்றி இரண்டு. பிற்காலக் கல்வெட்டுகளில் அன்றாடு நற்காசு என்றொரு தொடர் அடிக்கடி வரும். அன்றைய நாளில் செல்லத்தக்க நல்ல காசு என்பது பொருள். யார் பொறித்தான் என்று கேளாமல் இன்று செல்லுமா என்று மட்டும் கேட்கும் சொல் அது. புதுக்கோட்டையின் உளி வெட்டு கல்லில் எழுத்தாகி வந்ததுபோல் இருக்கிறது.

விசயநகரத்தார் காலத்தில் தெற்கே பெருவழக்குப் பெற்ற பொற்காசு வராகன். பன்றி இலச்சினையால் அப்பெயர் வந்தது, ஏறத்தாழ 3.4 கிராம் எடை. கிருட்டிணதேவராயர் உதயகிரியை 1514இல் வென்று, அங்கிருந்த பாலகிருட்டிணர் திருவுருவைத் தலைநகருக்குக் கொண்டுவந்தார். தவழும் கண்ணன் பொறித்த அவருடைய வராகன் அந்நிகழ்ச்சியின் நினைவாக எழுந்தது என்று நாணயவியலார் கருதுகின்றனர். மதுரை நாயக்கர் பெரும்பாலும் செப்புக் காசே வெளியிட்டனர். திண்டுக்கல் பாறைமேல் 1605இல் முத்துக்கிருட்டிணப்ப நாயக்கர் கோட்டை எழுப்பிய காலத்தில், ஊர்ச்சந்தையில் செம்பும் பெருங்கணக்கில் வராகனும் என்ற முறை நிலைபெற்றுவிட்டது. பிற்காலத்தில் அரசுகள் மாறின. வராகன் என்ற பெயர் மாறவில்லை. சித்த மருத்துவர் இன்றும் வராகனெடை என்று மருந்தின் அளவைக் கூறுவர். பேரரசின் இலச்சினை மருந்து நிறுக்கும் அளவாகச் சுருங்கி உயிர் வாழ்கிறது.

திண்டுக்கல்லின் நாணய வரலாற்றில் மைசூர் ஆட்சிக் காலத்துக்குத் தனி இடம் உண்டு. 1755இல் இவ்வூருக்குப் படைத்தலைவராக வந்த ஐதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞரை வரவழைத்து இங்கே படைக்கலச் சாலை அமைத்தார். அவருடைய பிற்கால ஆட்சிக்கு வித்து ஊன்றிய களம் இப்பாறையின் அடிவாரம்தான் எனலாம். 1763இல் பெத்தனூரைக் கைப்பற்றிய பின் அவர் பொற்காசு வெளியிட்டார். இக்கேரி நாயக்கரின் வராகனில் இருந்த சிவன் பார்வதி உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மறுபுறத்தில் தம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பாரசீக வரிவடிவில் பொறித்தார். இதனைச் சமயப் பொறை என்று பாராட்டுவோர் உளர். அது பொருந்தும், ஆனால் அதனினும் வலுவான காரணம் சந்தையே. மக்கள் நம்பிய உருவத்தை மாற்றினால் காசு செல்லாது என்பதை அந்த எழுத்தறியாத மாவீரர் நன்கு அறிந்திருந்தார்.

மகன் திப்பு சுல்தான் வேறு வழியில் சென்றார். ஊர்களுக்குப் புதுப்பெயர் சூட்டிய அவர், பல ஊர்களில் நாணயச்சாலையும் நிறுவினார். அவர் காசுகளில் காலிகாபாத் என்றொரு நாணயச்சாலையின் பெயர் வருகிறது. படைத்தவனின் ஊர் என்பது அதன் பொருள். நாணயவியல் நூல்கள் பலவும் அதனைத் திண்டுக்கல் என்றே கொள்கின்றன. சீரங்கப்பட்டணத்தை அடுத்த வேறோர் ஊர் என்பாரும் உளர். பெரும்பான்மைக் கருத்தின்படி, யானை ஒருபுறமும் ஊர்ப்பெயர் மறுபுறமுமாக அமைந்த அச்செப்புக் காசுகள் திண்டுக்கல் மண்ணிலே பிறந்தவை. 1790இல் ஆங்கிலப் படை கோட்டையைப் பிடித்தது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கும்பினிக்கு உரியதாயிற்று. அந்த நாணயச்சாலையின் வாழ்நாள் பத்தாண்டைத் தொடவில்லை.

கும்பினியார் ஒருபுறம் நட்சத்திரமும் மறுபுறம் திருமால் உருவமும் பொறித்த நட்சத்திர வராகனைச் சென்னையில் அடித்துவந்தனர். கிறித்தவ வணிகர் திருமாலை வெளியிட்ட விந்தைக்கும் சந்தையே காரணம். அதன் கணக்கு, வராகன் ஒன்றுக்குப் பணம் 42. பணம் ஒன்றுக்குக் காசு 80. வேலு நாச்சியாருக்குப் புகலிடம் தந்த விருப்பாச்சியின் கோபால் நாயக்கர், 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டபோது இந்த வராகன்தான் நாட்டில் செலாவணி. 1818இல் ரூபாய் தலைமை நாணயமாயிற்று. நூறு வராகன் 350 ரூபாய் என்று கணக்கிட்டு வராகனுக்கு விடை கொடுத்தனர்.

அதன்பின் வந்து தமிழர் நாவில் ஏறிய அரசக் காசு, ஆங்கில சவரன். இங்கிலாந்தில் 1817 முதல் புதுவடிவில் வெளிவந்தது, எடை 7.988 கிராம், மாற்று 22. 1899ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 15 ரூபாய்க்கு இந்தியாவிலும் செல்லத்தக்கதாக்கியது. 1918இல் பம்பாயிலேயே ஏறத்தாழ 13 லட்சம் சவரன்கள் அடிக்கப்பட்டன. விக்டோரியாவும் எட்வர்டும் ஜார்ஜும் தமிழ்ப் பெண்களின் கழுத்தில் காசுமாலையாகத் தொங்கினர். 1947இல் அரசர் ஆட்சி போயிற்று. காசுமாலையில் இலக்குமி வந்து அமர்ந்தாள். ஆயினும் திண்டுக்கல் கடைத்தெருவில் நகை வாங்க வருவோர் இன்றும் எத்தனை பவுன் என்றுதான் கேட்பர். எட்டுக் கிராம் என்று முழுமையாக்கப்பட்ட அந்த எடைக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னன் காலத்துக் காசு மூலம் என்பது கேட்போருக்கும் தெரியாது, நிறுப்போருக்கும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. மணப்பெண்ணின் தந்தைக்கு அது சுமை. அடகுக்கடைக்கு அது கணக்கு.

இடையே 1963இல் பொற்கட்டுப்பாடு வந்தது. 14 மாற்றுக்கு மேல் நகை செய்யலாகாது என்ற விதி, பத்தர் குடும்பங்களை உலையோடு சேர்த்து அணைத்துவிட்டது. பலர் வேறு தொழிலுக்குச் சென்றனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. 1968இல் சட்டமாக இறுகிய அக்கட்டுப்பாடு 1990இல்தான் நீங்கியது. நாடு முழுவதும் பொன்னைப் பெட்டியில் பூட்டி வைத்த அக்காலத்தில், அந்தப் பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர்பெற்ற ஊராகத் திண்டுக்கல் இருந்தது பொருத்தமான முரண். நாகல் நகர்ப் பகுதிப் பட்டறைகளில் கையால் அராவிச் செய்த மாங்காய்ப் பூட்டுகள் எத்தனை ஊர்களின் பொன்னைக் காத்தனவோ! அப்பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அருகே தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் சொர்ண ஆகர்சண பைரவர் சந்நிதியில் தேய்பிறை அட்டமிதோறும் கூடும் கூட்டத்தையும் இங்கே நினைக்கலாம். பொன் வேண்டுவோரும் இவ்வூரில் உளர். பூட்டுச் செய்வோரும் உளர்.

பொன்னை முதலீடாக விற்பதற்கென்றே காசு அடிக்கும் முறை தென்னாப்பிரிக்காவில் 1967இல் தொடங்கியது. அன்றைய பொன் விலையோடு சிறு கூடுதல் சேர்த்து விற்பது அதன் இயல்பு, முகமதிப்பு பெயரளவே. இங்கிலாந்தின் நாணயச்சாலை அதில் அரச மரபைக் கலந்தது. எலிசபெத் அரசியின் 1953ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவில் வைக்கப்பட்ட பத்து விலங்குச் சிலைகளைப் பொற்காசு வரிசையாக 2016 முதல் வெளியிட்டது. இந்திய அரசு 2015 நவம்பரில் வெளியிட்ட பொற்காசில் ஒருபுறம் காந்தியடிகள், மறுபுறம் அசோகச் சக்கரம். குடியரசின் காசிலும் ஒரு மௌரியப் பேரரசன் புகுந்துவிட்டான் என்பது சுவையான செய்தி.

சோழருக்கு இந்த நாடு எடுத்த நினைவுக் காசுகளைப் பார்த்தால் ஒரு குறை தோன்றாமல் இராது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டை ஒட்டி வந்த 1000 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையும் 44 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, 20 பங்கு செம்பு. 2025 சூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்த ஆடித் திருவாதிரை விழாவில், இராசேந்திரனுக்கும் தலைமை அமைச்சர் நினைவு நாணயம் வெளியிட்டார். இவை சந்தைக்கு வருவன அல்ல. சேகரிப்போர் பெட்டிக்குச் செல்வன. தன் புகழை வணிகன் கையில் கொடுத்து நாடெங்கும் நடக்கவிட்டவன் இராசேந்திரன். அவன் பெயர் தாங்கிய காசு இன்று கண்ணாடிப் பேழைக்குள் நடையிழந்து நிற்கிறது. கைபடாத காசு தேய்வதில்லை என்பது மெய்தான். கைபடாத காசைக் காசு என்பதா, பதக்கம் என்பதா?

இதற்கிடையே உண்மையான பழங்காசுகளுக்கு நேர்வது வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும். ஏர் முனையில் அகப்பட்ட பொற்காசு சட்டத்துக்கு அஞ்சியே ஆட்சியரிடம் போகாமல் மூசைக்குப் போய்விடுவதும் உண்டு. உருகிய காசுக்கு ஊர் இல்லை, அரசன் இல்லை, எழுத்து இல்லை. எடை மட்டும் உண்டு. கலையம்புத்தூரின் 63 காசுகள் எழுத்தில் ஏறியதால் அறியப்பட்டன. எழுத்தில் ஏறாமல் தாலியாகவும் தோடாகவும் மாறிய காசுகளின் பொன் இச்சமவெளியின் வீடுகளில் இன்றும் மின்னிக்கொண்டிருக்கலாம். காலிகாபாத்தின் யானைக் காசுகளுக்கு அந்த ஆபத்து குறைவாகவே இருந்தது. செம்பை உருக்கினால் விறகுச் செலவும் தேறாது. அதனால்தான் திண்டுக்கல்லின் பெயரைத் தாங்கிய அந்த யானைகள், தேய்ந்த துதிக்கையோடு, நாணயம் சேகரிப்போர் பெட்டிகளில் இன்னும் நிற்கின்றன.